யாரும் தொடாத மண்ணும் கிளாஷாவின் ஜாம் பாத்திரமும்

உலகத்தில் வேலை செய்து பெயர் வாங்கியவர்கள் ஏராளம். எந்த வேலையும் நடக்காமல் பார்த்துக்கொண்டே பெயர் வாங்கியவர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஒல்ஷான்கா கிராமத்து புரோகோர் சவேலிச் ஒருவர்தான்.

எங்கள் பக்கம் கரிசல் பூமி. ரஷ்யாவின் கூர்ஸ்க் சீமையில், காடு முடிந்தும் முடியாமலும் புல்வெளி தொடங்குகிற இடம். இங்கே கொஞ்சம் ஓக் தோப்பு, அங்கே கொஞ்சம் புல் என்று கடவுள் மனசு மாறி மாறி விதைத்த நிலம். கடவுள் விட்டுவைத்ததை எல்லாம் கூட்டுப்பண்ணை உழுதுவிட்டது. மேட்டை உழுதார்கள், பள்ளத்தை உழுதார்கள், கல்லறைத் தோட்டத்து ஓரத்தையும் கொஞ்சம் உழுதார்கள். செத்தவர்கள் புகார் கொடுக்காததால் அந்த விஷயம் அப்படியே முடிந்தது. ஒரே ஒரு துண்டு நிலம் மட்டும் தப்பித்தது. அதை உழச் சொல்லி உத்தரவு வந்த வருஷம் டிராக்டர் பழுது. அடுத்த வருஷம் டிராக்டர் வந்தது, உத்தரவு தொலைந்துவிட்டது. அதற்கடுத்த வருஷம் இரண்டும் ஒன்று சேர்வதற்குள் விஞ்ஞானிகள் வந்து, "ஆகா, ஆதி மண்!" என்று முழங்கால் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து அது காப்புநிலம். அதற்குள்ளேயே நடுவில் 'முழுக் காப்பு' என்று ஒரு பகுதி. அங்கே புல் அறுக்கக் கூடாது, மாடு மேயக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, காளான் பொறுக்கக் கூடாது. மண்வெட்டி என்ற சொல்லையே வேலிக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். விஞ்ஞானி யாராவது வந்தால் காவலர் துணையோடு உள்ளே போகலாம். மற்ற நாளெல்லாம் அதற்குள் காலடி வைக்க உரிமை உள்ள ஒரே மனிதர் காவலர். அந்தக் காவலர் நம் புரோகோர்.

நாடு முழுவதும் ஐந்தாண்டுத் திட்டத்தில் வியர்த்துக்கொண்டிருந்தபோது புரோகோரும் திட்டப்படிதான் வேலை பார்த்தார். அறுக்கப்படாத புல், திட்டம் நூறு சதவீதம், நிறைவேறியது நூறு சதவீதம். இதில் இயக்குநர் வெனியமீன் அர்க்காதியெவிச்சுக்கு மனக்குறை. பக்கத்துப் பண்ணை பீட்ரூட்டில் நூற்று நான்கு காட்டியிருந்தது.

"புரோகோர் சவேலிச், நாமளும் கொஞ்சம் கூடுதலா ஒண்ணும் செய்யாம இருக்க முடியாதா?" என்று கேட்டார்.

"முடியும், தோழர் இயக்குநர். இனிமே ஞாயித்துக்கிழமையும் சேத்துச் செய்யாம இருக்கேன்."

அந்த வருஷம் அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

ஆள் சாதாரணமானவர் இல்லை. ஓக் மரத்தை இடுப்போடு அறுத்து மீசை ஒட்டியது போல இருப்பார். காப்புநில விஷயத்தில் அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவருடைய மாமியார் அக்ஸீனியா ஒருமுறை வேலிக்கு உள்ளே கைவிட்டு ஒரு காளான், ஒரே ஒரு காளான், எடுத்தார். புரோகோர் அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். "உன் பொண்டாட்டியப் பெத்தவடா நான்!" என்று கிழவி கத்தினார். "அது வேலிக்கு வெளிய நடந்தது, அம்மா. இது உள்ள நடந்தது" என்றார் புரோகோர். அன்று முதல் ஊரில் அவர் நேர்மைக்கு மறுபெயர். கிழவி சாகும்வரை மருமகனை 'சர்க்கார்' என்றுதான் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் காலுக்கடியில், வெகு ஆழத்தில், இரும்புத் தாது கிடக்கிறது. அதனால் எங்கள் பக்கத்தில் திசைகாட்டி வடக்கைக் காட்டாது. தனக்குப் பிடித்த பக்கத்தைக் காட்டும். எங்களுக்கு இது பெரிய வசதி. பேருந்து வரவில்லையா? அடியில் இரும்பு. கடிகாரம் மெதுவாக ஓடுகிறதா? அடியில் இரும்பு. புருஷன் சந்தைக்குப் போனவன் இரண்டு நாள் கழித்து, ஒரு செருப்போடு வந்தானா? "என்னம்மா செய்றது, அடியில இரும்பு, வழி தப்பிட்டேன்." எங்கள் ஊர்ப் பெண்கள் இதை நம்புவதில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னபிறகு மேற்கொண்டு கேட்பது மரியாதை இல்லை என்பது இங்கே எழுதாத சட்டம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், எண்பத்தைந்தாம் வருஷம், மாஸ்கோவில் மதுவை ஒழிப்பதென்று தீர்மானம் போட்டார்கள். கடையில் வோட்கா போன இடத்தில் பேரிக்காய்ச் சாறு வந்தது. ஊருக்கு ஊர் மதுவிலக்குச் சங்கம் தொடங்கச் சொன்னார்கள். ஒல்ஷான்கா சங்கத்துக்குத் தலைவராக யாரைப் போடுவது? நேர்மைக்கு மறுபெயர் இருக்கும்போது வேறு யாரைப் போடுவது? புரோகோரைப் போட்டார்கள். துணைத்தலைவர் போலீஸ்காரர் திகோன்.

அடுத்து நடந்ததற்கு புரோகோரைக் குற்றம் சொல்லக் கூடாது. பிரசவம் வந்தால், சாவு வந்தால், பக்கத்து வீட்டுக்காரன் டிராக்டரில் விறகு கொண்டுவந்து இறக்கினால், அவன் முன்னால் பேரிக்காய்ச் சாற்றையா வைப்பது? ஒரு தலைவர் மக்களின் துயரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பீட்ரூட் எங்கள் பக்கத்தில் மலைபோல் விளைகிறது. அதை ஊறவைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி இறக்கும் வித்தை கிளாஃபிராவுக்குத் தெரியும். கிளாஃபிரா, அதாவது கிளாஷா, புரோகோரின் மனைவி; குடும்பத்தில் மூளை இருந்த பக்கம். மூளை கேட்ட ஒரே கேள்வி: "எங்க வச்சுக் காய்ச்சறது?"

வீட்டில் வைத்தால் வாசம் வரும். தோட்டத்தில் வைத்தால் புகை தெரியும். பொதுக்காட்டில் வைத்தால் காளான் பொறுக்க வருகிறவன் பார்ப்பான். யாருமே வராத இடம், யாருக்குமே வர உரிமை இல்லாத இடம், இந்தச் சீமையிலேயே ஒன்றுதான் இருந்தது. முழுக் காப்புப் பகுதியின் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றி ஓக் மரங்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வேலி பயிரைத் தொடவே இல்லை. பயிருக்கு நடுவே ஓர் அடுப்பு மட்டும் வைத்தது.

புரோகோர் புல்லை மிதிக்காமல் பள்ளம் வழியாகவே போய் வருவார். ஒரு செடி ஒடியாது. அவ்வளவு கவனம். இலையுதிர்காலப் பனிமூட்டத்தோடு புகை கலந்துவிடும். அடுப்பின் மேல் பெரிய இரும்புக் கொப்பரை. கொப்பரை வாயில் மூடியாக, குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, கிளாஷாவின் செம்பு ஜாம் பாத்திரம். ஆவி அதன் அடியில் பட்டுக் குளிர்ந்து, உள்ளே வைத்த கிண்ணத்தில் சொட்டும். அந்தப் பாத்திரம் அக்ஸீனியாக் கிழவி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அடியில் கிழவியின் பெயர் வெட்டியிருக்கும். ஜூலையில் அதில் செர்ரி ஜாம், அக்டோபரில் இது. பாத்திரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி பளபளத்தது.

வாடிக்கையாளர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்பார்கள். துணைத்தலைவர் திகோன் முதல் ஆளாக நிற்பார், பரிசோதனைக்காக.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. புரோகோர் அடுத்த வசந்தத்தில் ஓய்வு பெற வேண்டும். அவர் குடியிருந்தது காப்புநிலத்து வீடு. முப்பது வருஷத்தில் அதற்குத் தரை போட்டு, அடுப்பு கட்டி, கூரை மாற்றி, கொல்லையில் ஆப்பிள் வைத்து, வேலையோடு வந்த வீட்டை வீடாக்கியது அவரும் கிளாஷாவும்தான். "மாசு மறு இல்லாத சேவைன்னா, வீடு கடைசிவரைக்கும் உங்களுக்கே" என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். மாசு இருந்தால், அந்தக் காலத்தில் காய்ச்சுகிறவனுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைக்கும். வீடு அடுத்த காவலருக்குப் போகும். கிளாஷா ஆப்பிள் மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வாக்கை நினைத்துக்கொள்வாள்.

அந்தக் கோடை முடியும் நேரத்தில்தான் வரோனிஷிலிருந்து எமீலியா கர்லோவ்னா வந்தார்.

மண் விஞ்ஞானி. ஐம்பதைத் தாண்டிய, ரப்பர் பூட்ஸ் போட்ட, சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசத் தெரிந்த அம்மாள். காட்டோரத்திலும் புல்வெளியிலும் தொடாமல் கிடக்கும் மண்ணில் எவ்வளவு காந்தம் ஏறுகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. இருபது வருஷமாக அதையே அளக்கிறார். ஊரில் ஒருவருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. புல் வளர்வதைக் காவல் காக்க ஓர் ஆளும், மண்ணில் காந்தம் பார்க்க ஓர் ஆளும் இருப்பதுதானே நியாயம்.

அவர் வருகிறார் என்று தெரிந்த அன்றே புரோகோர் கொப்பரையையும் பாத்திரத்தையும் அடுப்புக்கு அடியில் முன்பே வெட்டி வைத்திருந்த குழியில் இறக்கி, பலகை போட்டு, மண் தள்ளி, மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டார். பார்த்தால் பறவைகூட சந்தேகப்படாது.

எமீலியா கர்லோவ்னா பையிலிருந்து எடுத்தது கைப்பிடி வைத்த சோப்புப் பெட்டி மாதிரி ஒரு கருவி. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. அதை மண்மேல் வைப்பார், ஓர் எண் தெரியும், எழுதிக்கொள்வார், நாலடி நகர்வார். சில இடங்களில் விரல் தடிமன் குழாயை முழங்கை ஆழம் இறக்கி, மண்ணை உருவிப் பார்ப்பார். புரோகோர் பின்னாலேயே, மேல் அதிகாரிக்குக் குடை பிடிக்கிறவர் போல, மரியாதையாக நடந்தார்.

"இதுல என்னம்மா தெரியும்?"

"எல்லாம் தெரியும், புரோகோர் சவேலிச். தொடாத மண்ணுன்னா மேல் மண்ணுலதான் காந்தம் அதிகம். கீழ போகப் போகப் படிப்படியாக் குறையும். புல்லும் வேரும் புழுவும் சேந்து ஆயிரக்கணக்கான வருஷமாச் செஞ்ச வேலை. காட்டுக்குள்ள போனா கொஞ்சம் வேற மாதிரி. உழுத மண்ணுல இந்த ஒழுங்கே இருக்காது. கிண்டி வச்ச கஞ்சி மாதிரி."

"ஓ, ரொம்ப வருஷத்துக்கு முன்னால உழுதிருந்தாலுமா?"

"ஒரு தடவை மண்வெட்டி பட்டாப் போதும். மேல் மண்ணு கீழ போயிடும், கீழ் மண்ணு மேல வந்துடும். மேல புல்லு மூடிடும். மழை பேஞ்சு சமமாயிடும். தோண்டினவன் மறந்துடுவான். மண்ணு மறக்காது. இந்தப் பெட்டி காட்டிக் குடுத்துடும்."

"காட்டிக் குடுக்கிறதுக்குப் பெட்டி எதுக்கும்மா? எங்க ஊர்ல அதுக்கு ஆளுங்களே இருக்காங்க."

அம்மாள் சிரித்தார். புரோகோரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மீசை அன்று முழுவதும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அம்மாள் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எண்கள் ஒழுங்காக, சாதுவாக, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் போல வந்துகொண்டிருந்தன. ஓக் மரத்தடிக்கு வந்து பெட்டியை வைத்தார். எண் எகிறியது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடி எகிறியது. ஒரு காலடி தள்ளி வைத்தார். அங்கேயும். இரண்டு காலடி தள்ளினால் மறுபடி சாது.

"பத்து மடங்கு" என்றார் எமீலியா கர்லோவ்னா. சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அடியில இரும்பு, அம்மா" என்றார் புரோகோர் உடனே.

"இரும்பு கிலோமீட்டர் கணக்குல ஆழத்துல இருக்கு. இந்தப் பெட்டி ஒரு சாணுக்குக் கீழ பாக்காது. இது சூடு. மண்ணை நல்லாச் சுட்டிருக்கு. நெருப்புல சுட்டாத்தான் இப்படிக் காந்தம் ஏறும்."

"மின்னல் விழுந்திருக்கும். ஓக் மரம் பாருங்க, மின்னலுக்குப் பிடிச்ச மரம்."

"மின்னல் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப விழுமா? இது ஒரு தடவை சுட்டது இல்ல. வாராவாரம் சுட்ட மாதிரி இருக்கு." அம்மாள் குழாயை எடுத்தார்.

"விரியன்!" என்று கத்தினார் புரோகோர்.

"எங்க?"

"இங்கதான் குடியிருக்கு, அம்மா. குடும்பமா. உள்ள குழாய் விட்டா வீட்டுக்குள்ள ஈட்டி விட்ட மாதிரி. அதுவும் முழுக் காப்புல சேந்த ஜீவன். தொந்தரவு பண்ண எனக்கு அதிகாரம் இல்ல."

எமீலியா கர்லோவ்னா இலைகளைப் பார்த்தார். பிறகு புரோகோரைப் பார்த்தார். பிறகு மூக்கால் ஒருமுறை இழுத்தார். குழாயைப் பைக்குள் வைத்தார். அந்த மூக்கிழுப்பு புரோகோருக்குப் பிடிக்கவே இல்லை.

மத்தியானம் இயக்குநர் அறையில் போர்ஷ் சூப் குடிக்கும்போது எமீலியா கர்லோவ்னா செய்த தவறு, உண்மையைப் பாதி சொன்னது. "பள்ளத்துல ஒரு இடத்துல நெருப்பு எரிஞ்சிருக்கு. திரும்பத் திரும்ப, ஒரே இடத்துல" என்றார்.

வெனியமீன் அர்க்காதியெவிச் கரண்டியைப் போட்டார். அவருடைய நிலையையும் யோசிக்க வேண்டும். அடுத்த மாதம் காப்புநிலத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. மாஸ்கோவிலிருந்து அதிகாரி வருகிறார். பக்கத்துக் காப்புநிலத்தில் காட்டெருமை இருக்கிறது. இன்னொன்றில் நீர்நாய் அணை கட்டுகிறது. இவரிடம் இருப்பது புல். புல்லை மேடையில் ஏற்ற முடியாது.

"சிதியர்கள்!" என்றார் இயக்குநர்.

"யாரு?"

"பழைய காலத்துக் குதிரைவீரர்கள், எமீலியா கர்லோவ்னா! இந்தப் புல்வெளி முழுக்க அவங்க ராஜ்ஜியம்! ஓக் மரத்தடி, பள்ளம், திரும்பத் திரும்ப நெருப்பு... யாக மேடை! புனித நெருப்பு!"

"எந்தக் காலத்து நெருப்புன்னு நான் சொல்லலையே."

"அதை நான் சொல்லிக்கிறேன்."

மாலைக்குள் சேதி ஊருக்குள் பரவியது. விழா அன்று மாஸ்கோ அதிகாரி முன்னிலையில், இயக்குநர் கையாலேயே முதல் மண்வெட்டி போட்டு, சிதியர் யாக மேடையைத் தோண்டி எடுக்கப்போகிறார்கள். கிளாஷா சேதியைக் கிணற்றடியில் கேட்டாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"போய் எடுத்துட்டு வாய்யா, இப்பவே."

"எடுக்கணும்னா தோண்டணும், கிளாஷா. தோண்டினா அந்தப் பெட்டி சொல்லிடும். மண்ணு மறக்காதாம்."

"எடுக்கலைன்னா மண்வெட்டி சொல்லிடும்! பாத்திரத்துக்கு அடியில எங்க அம்மா பேரு இருக்கு. சிதியர் காலத்துல அக்ஸீனியான்னு ஒரு ராணி இருந்தான்னு நெனச்சுக்குவாங்களா?"

"உங்கம்மா ராணி மாதிரிதான் இருந்தாங்க" என்றார் புரோகோர். அடுத்த நிமிடம் மேசைமேல் இருந்த வெள்ளரிக்காய் அவர் காதோரம் பறந்தது.

"உனக்கு யார்யா அங்க போய் வைக்கச் சொன்னது?"

"நீதான். 'ஒருத்தனும் வரமாட்டான்'னு நீதான் சொன்ன."

"நான் மனுஷனைச் சொன்னேன்! காந்தத்தையா சொன்னேன்?"

பிறகு கிளாஷா ஜன்னல் வழியாக ஆப்பிள் மரங்களைப் பார்த்தாள். "முப்பது வருஷமா அந்த மண்ணைத் தொடக் கூடாது, தொடக் கூடாதுன்னு ஊரையே விரட்டின. எங்க அம்மாவுக்கே அபராதம் போட்ட. இப்ப மட்டும் வாய மூடிக்கிட்டு நிக்கற" என்றாள் கசப்போடு.

புரோகோர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில், காலை வெயில் பள்ளத்தில் இறங்குவது போல, மெதுவாக ஒரு வெளிச்சம் இறங்கியது.

விழா நாள் வந்தது. கலாசார மன்றத்தில் கொடி, பூங்கொத்து, மேடையில் சிவப்புத் துணி போட்ட மேசை. துணிமேல் புத்தம்புது மண்வெட்டி, கைப்பிடியில் ரிப்பன். மாஸ்கோ அதிகாரி நடுவில். ஒரு பக்கம் இயக்குநர், மறுபக்கம் எமீலியா கர்லோவ்னா. கீழே ஒல்ஷான்கா முழுவதும், குளித்து, தலை வாரி, முகத்தில் கவலையோடு. மதுவிலக்குச் சங்கத்தார் முதல் வரிசை.

இயக்குநர் சிதியர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவர்கள் குதிரைகளின் நிறம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. முடிவில், "தோழர்களே, இனி மண்வெட்டியோடு..." என்று தொடங்கும்போது கீழே ஒருவர் எழுந்தார். நெஞ்சில் பதக்கம்.

"அனுமதி வேணும்."

"சொல்லுங்க, புரோகோர் சவேலிச்" என்றார் இயக்குநர், வாழ்த்துரை என்று நினைத்து.

"தோழர்களே, நான் பேசத் தெரியாதவன். முப்பது வருஷமா அந்த மண்ணைக் காக்கிறேன். ஒரு புல்லை ஒடிக்க விடல. ஒரு ஆட்டை மேய விடல. என் மாமியாருக்கு, அவங்க ஆத்மா சாந்தியடையட்டும், ஒரு காளானுக்கு அபராதம் போட்டேன். அந்தம்மா அழுதாங்க. நான் விடல. ஏன்? மண்வெட்டி படாத மண்ணு இந்தச் சீமையிலேயே இது ஒண்ணுதான்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. இன்னைக்கு ரிப்பன் கட்டின மண்வெட்டின்னா பரவாயில்லையா? ரிப்பன் கட்டினா மண்ணுக்கு வலிக்காதா? அப்படின்னா என் மாமியாரும் ஒரு ரிப்பன் கட்டிட்டு வந்திருப்பாங்களே!"

மூன்றாவது வரிசையில் கிளாஷா கைக்குட்டையை எடுத்தாள். அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. செம்பு ஞாபகம் வந்திருக்கலாம்.

"தோண்டணும்னா என்னை முதல்ல அங்க புதைச்சுட்டு, என் மேல தோண்டுங்க" என்று முடித்தார் புரோகோர். பிறகு அப்படிச் செய்தால் அவரைப் புதைக்கவும் தோண்ட வேண்டுமே என்று தோன்றியிருக்க வேண்டும். "வேண்டாம், அதுக்கும் தோண்டாதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் வரிசையில் திகோன் எழுந்து கைதட்டினார். அடுத்த கணம் மன்றமே எழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒல்ஷான்கா மக்கள் இயற்கைப் பாதுகாப்புக்கு இப்படிக் கைதட்டி யாரும் பார்த்ததில்லை. பால்காரி, டிராக்டர் ஓட்டுநர், காப்புநிலத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் கேட்காத பல் டாக்டர், எல்லோரும் "தோண்டாதீங்க!" என்று கத்தினார்கள். பின்வரிசையில் ஒருவர், "தோண்டினா நாங்க குழிக்குள்ள படுப்போம்!" என்றார். அவர் ஏற்கெனவே அடிக்கடி அப்படிப் படுத்தவர்தான்.

மாஸ்கோ அதிகாரி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் எமீலியா கர்லோவ்னாவைப் பார்த்தார். "விஞ்ஞானம் என்ன சொல்லுது?" என்றார், ஒரு வெள்ளைக்காகிதம் மாதிரி முகத்தோடு.

எமீலியா கர்லோவ்னா எழுந்தார்.

அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். அன்று பள்ளத்தில் அவர் மூக்கால் இழுத்தபோதே பீட்ரூட் வாசத்தை எடுத்திருந்தார். வரோனிஷ்காரர்களுக்கு மூக்கு உண்டு. ஆனால் அவருக்கு இன்னொன்றும் தெரியும். அவருடைய இருபது வருஷ ஆராய்ச்சி இந்த மண்ணை வைத்துத்தான் நிற்கிறது. எந்த மண் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதை இந்த மண்ணோடு ஒப்பிட்டுத்தான் நாடு முழுவதும் அளக்கிறார்கள். பத்துப் புத்தகத்தில் 'மனிதக் கை படாத மண்' என்று அவரே எழுதியிருக்கிறார். மனிதக் கை பட்டது, அதுவும் வாராவாரம், அதுவும் பீட்ரூட்டோடு என்று தெரிந்தால்?

"அந்த நெருப்பு எந்தக் காலத்துதுன்னு தெரிஞ்சுக்கணும்னா தோண்டணும்" என்றார் எமீலியா கர்லோவ்னா நிதானமாக. "தோண்டினா அது தொடாத மண்ணு இல்ல. என் தலைப்பு தொடாத மண்ணு. அதனால விஞ்ஞானத்துக்கு மண்வெட்டி தேவைப்படல."

"அப்ப யாக மேடை?" என்றார் இயக்குநர் பரிதாபமாக.

"இருக்குன்னு நம்பலாம். நம்பறதுக்குத் தோண்ட வேண்டியதில்லை."

இது மாஸ்கோ அதிகாரிக்கு மிகவும் பிடித்துவிட்டது. தோண்டாமலே சிதியர்கள், செலவும் இல்லை. அங்கேயே தீர்மானம். கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. இயக்குநரும் உயர்த்தினார், மண்வெட்டியோடு.

வெளியே வரும்போது எமீலியா கர்லோவ்னா புரோகோரைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"ஒரே ஒரு சந்தேகம், புரோகோர் சவேலிச். சிதியர்கள் பீட்ரூட் சாப்பிட்டாங்களா?"

"அந்தக் காலத்து ஆளுங்க, அம்மா. கிடைச்சதைச் சாப்பிட்டிருப்பாங்க."

"அந்த விரியன் குடும்பத்தை விசாரிச்சதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் பேருந்துக்குப் போனார். அந்த ஒரு பள்ளத்து எண்ணை மட்டும் அவர் எந்தக் கட்டுரையிலும் சேர்க்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம். கருவிக் கோளாறு என்று போட்டாராம். அடியில் இரும்பு என்று போட்டிருந்தால் எங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

நம் கதாநாயகரின் வெற்றி இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே அவசியம் இல்லை. தீர்மானத்தின் இரண்டாவது பகுதியை விழா முடிந்து வாசித்தார்கள். காவலரின் கொள்கைப் பிடிப்பைப் பாராட்டி, பள்ளத்தைச் சுற்றி இரும்பு வேலி. 'பழங்காலப் புனித நெருப்பு. யாரும் நுழையக் கூடாது' என்று பலகை. யாரும் என்றால் யாரும். விஞ்ஞானியும் கூடாது, இயக்குநரும் கூடாது. காவலரும் கூடாது. வேலிச் சாவி மாஸ்கோவில் ஒரு மேசை இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தது. ஒல்ஷான்காவிலிருந்து பார்த்தால் அது சிதியர்களை விடத் தூரம்.

அந்த இலையுதிர்காலத்தில் வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக வேலியைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஊர் ஆண்கள், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், அந்த வேலி முன்னால் ஒரு நிமிஷம் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். திகோன் சல்யூட் அடிப்பார். முன்னோர்களின் புனித நெருப்புக்கு இந்த மக்கள் மனசில் இன்னும் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று மாஸ்கோ அதிகாரி ஒரு பத்திரிகையில் உருகி எழுதினார். அந்த மரியாதை பொய்யில்லை. எங்கள் ஊரில் இவ்வளவு உண்மையாக எதற்கும் யாரும் தொப்பி கழற்றியதில்லை.

வசந்தத்தில் புரோகோர் ஓய்வு பெற்றார். மாசு மறு இல்லாத சேவை. வீடு அவருக்கே ஆயிற்று. இயக்குநர் வாக்குத் தவறவில்லை. இரண்டாவது பதக்கமும் வந்தது. ஆப்பிள் மரங்கள் அந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தன. அந்த வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தால் ஓக் மரங்களும் வேலியும் நேராகத் தெரியும். வேலையில்லாத மனிதர் என்ன செய்வார்? காலையிலிருந்து உட்கார்ந்து, சம்பளம் இல்லாமல், அந்த வேலியைக் காவல் காத்தார். யாராவது கிட்டப் போனால் ஜன்னலைத் திறந்து, "தொடாதே!" என்று கத்துவார். பழக்கம்.

ஜூலையில் செர்ரி பழுத்தது. கிளாஷா கடையில் வாங்கிய அலுமினியப் பாத்திரத்தில் ஜாம் காய்ச்சினாள். அடி பிடித்தது. மறுபடி காய்ச்சினாள். மறுபடி அடி பிடித்தது. கருகிய ஜாமைப் புரோகோர் தேநீரோடு தின்றார். தின்றுகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

கிளாஷா கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "சிதியர்களுக்கு என் ஜாம் பாத்திரம் எதுக்குய்யா?"

"என்ன செய்றது, கிளாஷா" என்றார் புரோகோர், பெருமூச்சோடு. "அடியில இரும்பு."

"அடியில செம்பு" என்றாள் கிளாஷா. "அதுவும் என்னோடது."